உறை கழற்றாத கணினியின் பெரும்புகழ்

தொண்டை நாட்டு ஆயுதசாலையைப் பார்த்து வியக்கும் பேறு முதலில் ஔவையாருக்கு வாய்த்தது. அதியமானுக்காகத் தூது வந்த அந்த அம்மையாரைத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலுக்கே அழைத்துப் போய்க் காட்டினானாம். பீலியும் மாலையும் சூடி, நெய் தடவிய மேனியோடு, கட்டுக்காவல் மிகுந்த அரண்மனைக்குள் பளபளத்துக் கிடந்த வேல்களைக் கண்டு அம்மையார் மனம் குளிர்ந்து பாடியது புறநானூற்றில் 95ஆம் பாட்டாக இருக்கிறது. அவரை அனுப்பிய அதியமானுடைய வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடந்தனவாம். என்ன செய்வது, பராமரிப்பு போதாத மன்னன்.

அதே தொண்டை நாட்டின் வடகிழக்கு மூலையில், பழவேற்காடு ஏரியை ஒட்டிய காட்டூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில், அடியேனுக்கும் அப்படியொரு கொட்டிலைத் தரிசிக்கும் பாக்கியம் கிட்டியது. எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். ஒன்றின் பெயரைச் சொன்னால் அதே சிறப்பு வாய்ந்த மற்ற ஊர்கள் மனம் நோகும்.

அது ஒரு நூலகம். ஜன்னல் கம்பி வழியாகத்தான் தரிசனம். கருவறைக்குள் கண்டவரும் நுழைய முடியுமா? நடுநாயகமாக மேசைமேல் கணினிப் பெருமான் எழுந்தருளியிருக்கிறார். திருமேனியில் பிளாஸ்டிக் உறை. உறையின் நெற்றியில் ஆயுதபூஜைக்கு இட்ட சந்தனமும் குங்குமமும், காய்ந்து கருத்த சாமந்தி மாலையும். விசைப்பலகையின் மேல் கம்பெனிக்காரன் ஒட்டி அனுப்பிய மெல்லிய தாள்கூடக் கலையவில்லை. உப்புக்காற்று பூட்டையும் கீலையும் தின்று தீர்க்கிற ஊரில் ஒரு யந்திரத்தின் கன்னிமையை இவ்வளவு காலம் காப்பாற்றுவது சாமானியர்களுக்கு ஆகிற காரியமா? அனலிலிருந்தும் புனலிலிருந்தும் காக்கலாம்; மனித விரலிலிருந்து காப்பதல்லவா காப்பு!

2006இல் அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் வந்தபோது தமிழ்நாட்டின் 12,618 ஊராட்சிகளுக்கும் தலைக்கொரு நூலகம் என்று எண்ணிய அரசாங்கத்தின் பெரிய மனத்தை என்னென்பது! கட்டடம் எழும்பியது, அலமாரி வந்தது, புத்தகம் அடுக்கினார்கள். இத்தனையும் செய்த பிறகு மறவாமல் பூட்டியும் வைத்த ஊர்கள் பல என்பதுதான் திட்டத்தின் மகுடம். வாசகர் என்று ஒருவர் வந்தால் பக்கத்தை மடிப்பார், எச்சில் தொட்டுப் புரட்டுவார், ஓரத்தில் பென்சிலால் கோடு இழுப்பார். அந்தக் கொடுமையிலிருந்து புத்தக குலத்தையே மீட்டெடுத்த தயாளர்கள் வாழ்க! அதே காட்டூர்ப் பக்கத்து ஊரில் பெண் ஒருத்தி இருக்கிறாள். நூலகவியல் படிக்கிறாள். இந்தப் பாமாலை அவளுக்கல்ல. அவளை ஆளாக்கிக்கொண்டிருக்கும் மகாகனம் பொருந்திய பாடத்திட்டப் பெருந்தகைக்கு. குறிப்பாக, ‘நூலகங்களில் தகவல் தொழில்நுட்பம்’ என்று திருநாமம் பூண்டு, பருவந்தோறும் வினாத்தாளாக அவதரித்து மாணவர்களை ஆட்கொள்ளும் அந்தத் தாளுக்கு.

பெருந்தகையே, தங்கள் பெருமையை எங்கே தொடங்குவேன்! பொழுது விடியுமுன் பஸ் பிடித்து மீஞ்சூர் வந்து, கும்மிடிப்பூண்டி லோக்கலில் மீன்கூடைகளுக்கு நடுவே ஒற்றைக்காலில் நின்று சென்னை போய்ச் சேருகிறாள் அந்தப் பெண். அவள் கையில் இருக்கிற போனில் உலகத்து நூலகங்கள் எல்லாம் கதவு திறந்து கிடக்கின்றன. அந்தக் கவனச் சிதறலுக்கு அவள் இரையாகிவிடாதபடி தாங்கள் கற்பிப்பது என்ன? முதல் தலைமுறைக் கணினிக்கு வெற்றிடக் குழல், இரண்டாவதற்கு டிரான்சிஸ்டர், மூன்றாவதற்கு ஐ.சி. நெகிழ்வட்டின் கொள்ளளவு 1.44 மெகாபைட். நெகிழ்வட்டு என்ற ஒன்றை அவள் பிறந்தது முதல் இன்றுவரை கண்ணால் கண்டதில்லை. அதனால் என்ன, கடவுளையும்தான் கண்டதில்லை. வலையமைப்பின் வகைகளாக ஸ்டார், ரிங், பஸ் மூன்றையும் படம் வரைந்து பாகம் குறிக்கிறாள். பஸ் வலையமைப்பில் ஒரு கம்பி அறுந்தால் எல்லாக் கணினியும் நின்றுபோகும் என்பது ஐந்து மதிப்பெண். காட்டூர் பஸ் நின்றுபோனால் உள்மதிப்பீட்டில் எத்தனை மதிப்பெண் குறையும் என்பதைத் தாங்கள் தனியே அறிவீர்கள்.

யுனெஸ்கோ நிறுவனம் உலகத்துக்கே இலவசமாகத் தந்த சி.டி.எஸ்.-ஐ.எஸ்.ஐ.எஸ். என்ற மென்பொருளைத் தாங்கள் இன்னும் கைவிடவில்லை பாருங்கள், அந்த விசுவாசத்துக்கு நிகர் ஏது! அதன் விண்டோஸ் பதிப்பு வந்தது 1990களில். அதைப் பெற்றவர்களே மறந்துவிட்ட பிள்ளையை எடுத்து வளர்க்கும் வள்ளன்மை தங்களுடையது. கோஹாவையும் தாங்கள் ஒதுக்கவில்லை. நியூசிலாந்தில் ஹோரோஃபெனுவா என்ற சிறிய வட்டாரத்து நூலகக்காரர்கள், 2000 பிறக்கும்போது தங்கள் பழைய மென்பொருள் செத்துவிடும் என்று பயந்து, ஒரு சிறு கம்பெனியை வைத்துப் புதிதாய் எழுதவைத்து, அதை உலகத்துக்குச் சும்மாவே கொடுத்துவிட்டார்கள். ஒரு கணினியும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் கிடைத்தால் யாரும் நிறுவிப் பார்த்துவிடலாம் என்னும் அளவுக்கு மலிந்துபோன அந்தப் பொருளைத் தாங்கள்தான் மரியாதையான இடத்தில் வைத்தீர்கள்: ‘கோஹாவின் சிறப்பியல்புகளை விவரி, பத்து மதிப்பெண்.’ விவரிக்கிறாள், மூன்று பக்கம். அதன் முகப்புத் திரை என்ன நிறம் என்று மட்டும் அவளிடம் கேட்கக்கூடாது; அது பாடத்தில் இல்லை.

செய்முறைக் கூடம் உண்டா என்று ஐயுறுவோர் வாயில் மண். உண்டு. குளிரூட்டிய கூடம், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும். ஒருநாள் அவள் கூடத்து உதவியாளரிடம் கேட்டிருக்கிறாள்:

“அண்ணா, லேப் எப்பண்ணா திறப்பாங்க?”

“இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கு வாம்மா. அன்னிக்கு எல்லா சிஸ்டமும் ஓடும்.”

எவ்வளவு நேர்மையான பதில்! கோயிலில்கூட வைகுண்ட ஏகாதசி வந்தால்தான் சொர்க்கவாசல் திறக்கிறார்கள். யாரும் குறை சொல்வதில்லை.

சொர்க்கவாசல் திறந்த அந்தத் திருநாளில், நூற்பட்டியல் ஏற்றிய கணினி ஒன்று அவளுக்குக் காட்சி கொடுத்தது. ஆயிரக்கணக்கான தமிழ்ப் புத்தகங்களின் தலைப்புகளை யாரோ ஒரு புண்ணியவான் பாமினி எழுத்துருவில் தட்டிவைத்திருக்கிறார். அந்த எழுத்துரு அந்தக் கணினியில் இல்லை. எனவே ‘தமிழ்’ என்ற சொல் வரவேண்டிய இடத்திலெல்லாம் ஆங்கிலத்தில் ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி என்று திரையில் நின்றது. தேடுபெட்டியில் ‘தமிழ்’ என்று அவள் தட்டினாள். கணினி மிகுந்த பணிவோடு, அப்படியொன்று இந்த நூலகத்தில் இல்லை என்று சொல்லிவிட்டது. அரசாங்கம் 2010இலேயே ஒருங்குறியைத் தரமாக ஏற்று ஆணை பிறப்பித்தது உண்மைதான். ஆனால் ஆணை வந்ததும் ஓடிப்போய்க் கீழ்ப்படிவது சிறுமை. இராஜகம்பீரம் என்பது, ஆணை முதுமை எய்தி முடி நரைக்கும்வரை காத்திருந்து பிறகு கோப்பில் சேர்ப்பது. மறைபொருளாக எழுதிக் காப்பது நம் சித்தர்களின் மரபு. அந்தப் பரிபாஷையைப் பட்டியலுக்கும் கொண்டுவந்த தொலைநோக்கை மேல்நாட்டார் எப்போது கற்பார்களோ.

இந்த இடத்தில் சீர்காழி ராமாமிர்த ரங்கநாதனாரை நினைக்காமல் போனால் பாவம் வரும். நம் நூலகவியலுக்கு அவர்தான் மூலவர்; ஆண்டுதோறும் ஆகஸ்ட் 12 அன்று படத்துக்கு மாலை போடுகிறோம். கணக்கு வாத்தியாராக இருந்தவர் 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். சில நாளிலேயே சலித்துப்போய்த் திரும்பக் கணக்குப் பாடத்துக்கே போய்விடுகிறேன் என்றவரை லண்டனுக்கு அனுப்பினார்கள். போன இடத்தில் மனிதர் ஒழுங்காய் வகுப்பில் உட்கார்ந்து குறிப்பு எழுதினாரா என்றால் இல்லை. செல்ஃப்ரிட்ஜஸ் கடைக்குள் போய், மெக்கானோ விளையாட்டுச் சாமானை ஒருவர் பூட்டிப் பூட்டிப் பிரித்துக் காட்டுவதை வேடிக்கை பார்த்திருக்கிறார். துண்டு துண்டாகப் பிரித்து வேண்டியபடி சேர்த்தால் எந்தப் பொருளுக்கும் எண் கட்டலாம் என்று அங்கேதான் தோன்றியதாம். 1933இல் கோலன் பகுப்புமுறையாக அது அச்சேறியது. சுற்றிவந்த நூலகங்களிலெல்லாம் வாசகர் பாடு என்ன என்று கவனித்த குற்றத்துக்கு 1931இல் ஐந்து விதிகள் வேறு. புத்தகம் பயன்படுத்தவே இருக்கிறது என்று தொடங்குமே, அவைதான்.

பாருங்கள், எவ்வளவு ஆபத்தான ஆசிரியர்! பொருளைத் தொட்டுப் பார், பிரித்துப் பார், வேலை செய்கிறதா பார் என்பது அவர் வாழ்க்கை. அந்தத் தொற்று மாணவர்களுக்குப் பரவாதபடி தாங்கள் கண்ட மருந்தை நான் வணங்குகிறேன், பெருந்தகையே. ஐந்து விதிகளையும் தலைப்பும் விளக்கமுமாக மனப்பாடம் செய்யவைத்துவிட்டீர்கள். ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்ற அவருடைய ஐந்து கூறுகளையும் அவள் உறக்கத்தில் கேட்டாலும் வரிசை பிறழாமல் சொல்வாள். அதற்குப் பிறகு முதல் விதியை எழுதிய விரலால் பூட்டிய கதவைத் தட்ட வேண்டும் என்று யாருக்காவது தோன்றுமா? இத்தனை ஆண்டில் தோன்றவில்லையே.

தங்கள் அருள்நிழலில் ஒதுங்காமல் தான்தோன்றியாய்த் திரிந்தவர்களும் உண்டு. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்த ரோஜா முத்தையா என்பவர், பட்டம் ஏதும் இல்லாமல் பழைய புத்தகமும் நாடக நோட்டீசும் பத்திரிகையும் சேர்த்து வீட்டை நிரப்பினார். அவர் 1992இல் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கிச் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக ஆக்கிவைத்தது. 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியவர்கள் இன்னும் மோசம். ஆளுக்கு ஒரு நாட்டில், வேலை முடிந்து வந்து வீட்டில் உட்கார்ந்து, பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு யாரும் படிக்கலாம் என்று போட்டுவிட்டார்கள். பருவக் கட்டணம் கட்டாமல், உள்மதிப்பீடு இல்லாமல், நெகிழ்வட்டின் கொள்ளளவு தெரியுமா என்று யாரும் சோதிக்காமல்! டச்சுக்காரர்களைப் பற்றிச் சொல்லவே நா கூசுகிறது. 1613இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிக் கணக்கெழுதியவர்கள், இன்று ஹேக் நகரத்து ஆவணக் காப்பகத்தில் தங்கள் கம்பெனிக் காகிதங்களைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றிவருகிறார்கள். ஏரிக்கரைப் பெண் தன் ஊரின் பழங்கதைக்கு ஹேக் வாசலில் வரிசையில் நிற்கத் தேவையில்லாமல் போயிற்று. தன் ஊர் நூலக வாசலில் நிற்கும் ஒழுக்கம் மட்டும் இன்னும் அவளிடம் பத்திரமாக இருக்கிறது. அது தங்கள் வளர்ப்பு.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. அதைத் தாங்கள் எதிர்கொண்ட அழகுக்கு ஒரு தனிக் கோவையே பாடலாம். பழவேற்காடு பற்றிய நூற்பட்டியல் தயாரிக்கும்படி ஒப்படைப்பு கொடுத்தார்களாம். உடன்படிக்கும் மாணவர் ஒருவர் போனில் அந்த நுண்ணறிவிடமே கேட்டார். போன் ஒரு நொடியில் பதினைந்து தலைப்புகளைக் கொட்டியது. ஆசிரியர் பெயர், பதிப்பகம், ஆண்டு, பக்க எண் எல்லாம் கச்சிதம். ஒரே ஒரு சிறப்பு, அவற்றில் பாதிப் புத்தகங்களை எந்த மனிதரும் எழுதியதில்லை. 2023இல் நியூயார்க்கில் இரண்டு வக்கீல்கள் இப்படியே இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். அவர்கள் துரதிர்ஷ்டசாலிகள், அவர்களுக்கு வாய்த்த நீதிபதி எடுத்துப் பார்த்துவிட்டார். நம் மாணவருக்கு மேற்கோள் நடை பிசகாமல் இருந்ததற்காகப் பத்துக்கு ஒன்பது. காட்டூர்ப் பெண்ணோ இரண்டு நாள் கன்னிமாரா நூலகத்தில் கால்கடுக்க அலைந்து, கையில் எடுத்துப் பார்த்த நான்கே நான்கு புத்தகங்களை எழுதிக்கொண்டு போனாள். எண்ணிக்கை போதாது என்று ஆறு. நியாயம்தானே! வாசகரே இல்லாத நூலகத்தை நாம் எப்போதோ கண்டுவிட்டோம். புத்தகமே இல்லாத நூற்பட்டியலையும் கண்டுபிடித்துக் கொடுத்த குருபீடத்தில் நான்கு புத்தகங்களைக் கொண்டுவந்து நீட்டினால் யாருக்குத்தான் கோபம் வராது?

செலவுக்கு என்ன வழி என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரங்கநாதனார் பாடுபட்டு வந்த 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாம் கட்டும் சொத்துவரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலகத்துக்கு. வசூலித்த பத்துக் காசை நூலக ஆணைக்குழுவுக்கு அனுப்பாமல் பல ஆண்டு நிலுவையாக வைத்து அடைகாத்த உள்ளாட்சிகளைப் பற்றிச் செய்தித்தாள்கள் குறையாக எழுதின. பணத்தின் மீது அவ்வளவு பற்றுள்ளவர்கள் கையில்தான் பொதுப்பணம் பத்திரமாக இருக்கும் என்ற சின்ன விஷயம் செய்தியாளர்களுக்கு விளங்கவில்லை.

பழவேற்காட்டு மீனவர்களிடம் ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், எந்தத் தலைக்கட்டு வலை வீசலாம் என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். இடம், காலம், ஆள், வலை என்று கூறு கூறாகப் பிரித்து ஒருவர்மேல் ஒருவர் விழாமல் அடுக்கிவைத்த ஏற்பாடு. வெளிநாட்டு ஆய்விதழ்களில் இதைப் பற்றிக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. இதை எழுதிவைத்துப் பட்டியலிட்டு, முதியவர்கள் சொல்வதைப் பதிவு செய்து ஊர் நூலகத்தில் ஏற்றினால் என்ன என்று அந்தப் பெண் செயல்திட்டத்துக்குத் தலைப்புக் கேட்டிருக்கிறாள். ‘இது தகவல் தொழில்நுட்பத்தில் வராதும்மா’ என்று அன்போடு திருத்தினார்கள். ‘பல்கலைக்கழக மாணவர்களிடையே மின்வளங்களின் பயன்பாடு: ஓர் ஆய்வு’ என்ற தலைப்பைத் திருக்கரத்தாலேயே எழுதியும் கொடுத்தார்கள். அதே தலைப்பில் ஏற்கெனவே அலமாரி நிறைய இருப்பதால் மாதிரிக்குப் பஞ்சமில்லை. எவ்வளவு கரிசனம்!

ஊரிலும் அவளுக்கு மரியாதை கூடியிருக்கிறது. கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் விசாரித்திருக்கிறார்:

“இன்னாம்மா படிக்கிற?”

“லைப்ரரி சயின்ஸ் தாத்தா.”

“நல்லதும்மா. அப்ப நம்மூரு லைப்ரரிய எப்பத் தொறப்ப?”

படிப்பறிவில்லாதவர்கள் கேட்கிற கேள்வி இப்படித்தான் இருக்கும். நூலக அறிவியலுக்கும் நூலகத்தைத் திறப்பதற்கும் என்ன சம்பந்தம்? எந்த அலகில் வருகிறது? எத்தனை மதிப்பெண்?

பெருந்தகையே, இவ்வளவு புகழுக்கும் நடுவே ஒரு சிறு விண்ணப்பம். பொன்னேரி பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை. இணைய சேவை என்று பலகை மாட்டியிருக்கிறது. அதில் ஒரு பையன் இருக்கிறான். பத்தாவதோடு நின்றவன் என்று கேள்வி. அந்தப் பெண்ணின் பாமினிக் கோப்பை அவன் இரண்டே நிமிடத்தில் ஒருங்குறிக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறான். முதியோர் உதவித்தொகைக்கு எந்தப் படிவம், எங்கே கையெழுத்து என்று வருகிற கிழவிகளுக்கெல்லாம் சொல்கிறான். பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பழைய வினாத்தாள், மீனவர்களுக்கு வானிலை எச்சரிக்கை, யாருக்கோ பட்டா நகல், எல்லாம் தேடி எடுக்கிறான். கேட்டவருக்குக் கேட்டதை, அவர் நேரம் வீணாகாமல் எடுத்துக் கொடுக்கிறான். கூடுதலாகப் போனால் பத்து ரூபாய் வாங்குகிறான். ரங்கநாதனார் பெயரை அவன் கேள்விப்பட்டதே இல்லை, விசாரித்துவிட்டேன்.

தகுதிச் சான்றிதழ் இல்லாமல் ஒருவன் பட்டப்பகலில், கதவை அகலத் திறந்துவைத்துக்கொண்டு நூலகர் வேலை பார்ப்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருவது என் கடமை. இதை இப்படியே விட்டால் நாளை அந்தப் பெண்ணும் அவனிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டுவிடும் அபாயம் இருக்கிறது. ஆகவே முதல் தலைமுறைக் கணினி முதல் மூன்று வகை வலையமைப்பு வரை அவன் படம் வரைந்து பாகம் குறித்து, குறைந்தது நெகிழ்வட்டின் கொள்ளளவையாவது பார்க்காமல் சொல்லும்வரை அந்தக் கடையின் ஷட்டரை இறக்கிவைக்க ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.